மலையேறாதார்க்கு ஒரு மலைப்பாடம்

யாழ்ப்பாணக் குடாநாடு சமதரை நிலம். அங்கே வற்றாத ஆறும் இல்லை, மலையும் இல்லை. கீரிமலை என்றோர் ஊர் நமக்கு உண்டெனினும், அவ்வூரை அடைந்தார் ஏறுவதில்லை. கேணியில் இறங்கி நீராடுவதே வழக்கம். இத்தகைய நிலத்திற் பிறந்து, துவிச்சக்கர வண்டியிற் பள்ளிக்குச் சென்று படித்து, அவ்வாறே சென்று படிப்பித்து, அறுபதாம் வயதில் இளைப்பாறிய ஒருவன், அந்தீசு மலைத்தொடரில் ஒருநாள் முழுதும் நடந்து பழம்பெரு நகரொன்றின் இடிபாடுகளைக் காண விரும்பினால், அவன் அறிந்திருக்க வேண்டுவன யாவை? இவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுதுவோன் மலையேறுங் கலையில் வல்லவன் அல்லன். ஒரே ஒருமுறை ஏறியவன். ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புவியியல் கற்பித்தவன். தென்னமெரிக்கப் படத்தின் மேற்குக் கரையோரத்தில் வடக்குத் தெற்காகக் கபிலநிறச் சுண்ணக்கட்டியால் ஒரு பட்டை தீட்டி, “இது அந்தீசு” என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொன்னவன். ஒருநாள் பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, நீங்கள் ஏதாவதொரு மலையில் ஏறியிருக்கிறீர்களா?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன். விடை மட்டுங் கூறவில்லை. அவ்வினா நெடுங்காலம் என்னுள்ளே கிடந்தது.

நகரின் வரலாறு

யான் காண விரும்பிய நகர், பெரு நாட்டிலுள்ள மாச்சு பிச்சு. அது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய 13 பாகையில், கடல்மட்டத்துக்கு மேல் 2,430 மீற்றர் உயரத்தில், உருபம்பா ஆறு மூன்று புறமும் வளைந்தோட, ஒரு மலைமுதுகின்மேல் அமைந்துள்ளது. இன்கா மன்னருட் சிறந்தவனாகிய பச்சக்குட்டியின் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் அது எழுந்ததென்பர். 2021ஆம் ஆண்டில் வெளிவந்த கதிர்த்தொழிற்பாட்டுக் காபன் ஆய்வொன்று, ஏறக்குறைய 1420 முதல் 1530 வரை அங்கே மக்கள் வாழ்ந்தனர் எனக் காட்டிற்று. 1532இல் ஸ்பானியர் இன்கா நாட்டுட் புகுந்தனர். பேரரசு வீழ்ந்தது, மலைநகர் கைவிடப்பட்டுக் காடு மூடியது.

1911ஆம் ஆண்டு யூலை 24ஆம் நாள், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைரம் பிங்கம் என்பார் அவ்விடத்தை அடைந்து உலகுக்கு அறிவித்தார். அவர் “கண்டுபிடித்தார்” என்று பாடநூல்கள் கூறும். ஆனால், அவரை அழைத்துச் சென்றவர் மெல்ச்சோர் ஆர்த்தேயாகா என்னும் உள்ளூர்க் கமக்காரர். நகரின் மேடைநிலங்களிற் பயிர்செய்துகொண்டு சில குடும்பங்கள் அன்று அங்கே வாழ்ந்துமிருந்தன. ஆகவே, உள்ளூரார் என்றும் அறிந்திருந்த ஓரிடத்தை வெளியுலகம் அன்று அறிந்தது என்பதே பொருந்தும். யானும் பல ஆண்டுகள் “கண்டுபிடித்தார்” என்றே கற்பித்தேன். என் பழைய மாணாக்கர் இத்திருத்தத்தை ஏற்றுக்கொள்வாராக.

வழியின் அளவு

இன்கா மக்கள் சில்லுப் பூட்டிய வண்டியைப் பயன்படுத்தியவர் அல்லர். மனிதன் கால்களும் லாமா என்னும் சுமைவிலங்கின் கால்களுமே அவர்தம் ஊர்தி. எனவே அவர் வகுத்த சாலைகள் செங்குத்தான இடங்களிற் கற்படிகளாக மாறிவிடும். ஏறக்குறைய 30,000 கிலோமீற்றர் நீண்ட அச்சாலைத் தொகுதி 2014இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மாச்சு பிச்சு நகரோ 1983இலேயே அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

இச்சாலைகளுள் ஒன்றன் வழியே நான்கு நாள் நடந்து நகரை அடைவோர் உளர். அவ்வழியிற் சுமைதூக்குவோர் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கே இடமுண்டு. அதன் கடைசிப் பகுதியை மட்டும் ஒரே நாளில் நடப்பதற்கும் ஒரு வழியுண்டு. நம்போன்றார்க்கு உரியது அதுவே. ஒல்லந்தாய்தம்போ என்னும் ஊரிற் காலையிற் புகையிரதம் ஏறி, குசுக்கோ நகரிலிருந்து 104ஆம் கிலோமீற்றர்க் கல்லடியில் இறங்க வேண்டும். அங்கே நிலையமேதும் இல்லை. வண்டி சிறிது நின்று, நம்மை இறக்கிவிட்டுச் சென்றுவிடும். ஆற்றைத் தொங்குபாலத்தாற் கடந்தால் வழி தொடங்கும்.

தொடக்கம் ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரம். வின்யாய் வைனா என்னும் தொல்லூர் 2,650 மீற்றர். கதிரவன் வாயில் எனப்படும் இந்தி புங்கு 2,700 மீற்றருக்குச் சற்று மேல். அங்கிருந்து நகருக்கு இறக்கம். முழுத்தூரம் பத்து முதற் பன்னிரண்டு கிலோமீற்றர். நடைக்கு ஆறு அல்லது ஏழு மணிநேரம் ஆகும். உரிமம் பெற்ற வழிகாட்டியின்றிச் செல்ல இடமில்லை. அனுமதிச் சீட்டைப் பல மாதங்களுக்கு முன்னரே பெறல் வேண்டும்.

எண்களைக் கண்டு, “பன்னிரண்டு கிலோமீற்றர் ஒரு பெரிதா?” என்று யான் முதலில் எண்ணினேன். யாழ்ப்பாணத்துச் சாலையில் அது பெரிதன்று. ஆனால் மலையில் தூரத்தை மட்டும் அளத்தல் பிழை. ஏற்றம் எவ்வளவு, இறக்கம் எவ்வளவு, திரும்பிவர வழியுண்டா என்னும் மூன்றையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். இவ்வழியில் இடைநடுவே வண்டிப்பாதை எதுவும் வந்து சேர்வதில்லை. முன்னே சென்றாலும் பின்னே திரும்பினாலும் தன் கால்களாலேயே செல்லவேண்டும்.

உயரமும் உடலும்

நம் நாட்டின் மிகவுயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர். மாச்சு பிச்சுவுக்குச் செல்வோர் வந்திறங்கும் குசுக்கோ நகரோ ஏறக்குறைய 3,400 மீற்றர். எனவே, வானூர்தியால் இறங்கிய அந்நாழிகையே நம் நாட்டின் உச்சிக்கு மேலும் எண்ணூறு மீற்றருக்கு அதிகமான உயரத்தில் நிற்கின்றோம். அங்கே வளியின் அமுக்கம் கடற்கரையில் உள்ளதன் மூன்றில் இரண்டு பங்களவே. வளியில் ஒட்சிசனின் விகிதம் குறைவதில்லை; அமுக்கங் குறைதலால், ஒவ்வொரு மூச்சிலும் உட்புகும் ஒட்சிசனின் அளவு குறைகின்றது. இதனை ஈடுசெய்ய மூச்சு விரைகின்றது, இதயமும் விரைகின்றது.

உடல் இதற்குப் பழகுமுன் தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, உறக்கமின்மை ஆகியன தோன்றலாம். இதுவே மலைநோய். இளையோர், முதியோர், வலியோர், மெலியோர் என்னும் வேறுபாடு இதற்கில்லை. பந்தாட்டக் குழுவின் தலைவனையும் இது வீழ்த்தும். ஓய்வும் நீரும் காலமுமே முதல் மருந்து. முன்கூட்டியே உண்ணத்தக்க மருந்தும் உண்டு. அதனை மருத்துவரைக் கேட்டே கொள்ளல் வேண்டும். அந்நாட்டார் கொக்கா இலையை வெந்நீரிலிட்டுத் தருவர். அதனை அங்கே அருந்தலாம்; வேறு பல நாடுகளுக்குக் கொண்டுசெல்லல் குற்றமாகும். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சுமுட்டினாலோ, நடை தள்ளாடினாலோ, அறிவு மயங்கினாலோ தாமதியாது கீழிறங்க வேண்டும்.

இங்கே மலையேறாதார்க்கு ஒரு நற்செய்தி உண்டு. நாம் நடக்கும் வழி குசுக்கோவிலும் தாழ்ந்தது. அங்கே வளியின் அமுக்கம் கடற்கரையின் முக்காற்பங்களவு இருக்கும். ஆதலின், குசுக்கோவில் தங்கி வருந்தாது, வந்தவுடனேயே தாழ்ந்த உருபம்பாப் பள்ளத்தாக்குக்கு இறங்கி இரண்டு மூன்று நாட் கழித்தல் நன்று. யானும் என் மகளும் அவ்வாறே செய்தோம். முதல் இரவு தலைவலி இருந்தது. மூன்றாம் நாள் அது நீங்கிற்று.

படிகளிற் பயிற்சி

சமதரையிற் பயிற்சி பெறுவது எவ்வாறு? நம் கல்லூரி மேல்மாடிப் படிகளை நாடினேன். அங்கே 24 படிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 சதமமீற்றர். ஒருமுறை ஏறினால் 3.6 மீற்றர். 500 மீற்றர் உயர வேண்டுமாயின் 139 முறை ஏறவேண்டும். கணக்கு எளிது, ஏறுவது எளிதன்று. முதல்நாட் பத்துமுறை ஏறி உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதத்தில் அறுபது முறையை எட்டினேன். அஃதாவது 216 மீற்றர். தேவையிற் பாதியுமில்லை. எனினும், அப்பயிற்சியின்றிச் சென்றிருந்தால் இக்கட்டுரை வேறுவிதமாக முடிந்திருக்கும்.

பயிற்சியில் மூன்றைக் கருதல் வேண்டும். முதலாவது, ஏறுதலுக்கு ஒப்ப இறங்குதலையும் பழகல். ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை உயர்த்துகின்றது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகின்றது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோன்றும் நோவுக்கு இரண்டாவதே பெருங்காரணம். இரண்டாவது, நடைக்கு அணியும் சப்பாத்தைப் பல வாரங்கள் முன்னரே அணிந்து பழகல். மூன்றாவது, கொண்டுசெல்லும் பையைப் பயிற்சியின்போதும் சுமத்தல். முதலிரண்டையுஞ் செய்தேன், மூன்றாவதைச் செய்யாது விட்டேன். அதன் பயன் பின்னர் வரும்.

மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. மே முதற் செப்டெம்பர் வரையுள்ள வறண்ட காலமே நடைக்கு ஏற்றது. அக்காலத்தில் வெயிலுங் கொடிது, இரவிற் குளிருங் கொடிது. தொப்பி, மழையங்கி, நீர், சிற்றுணவு, கடவுச்சீட்டு ஆகியன போதும். ஊன்றுகோலின் நுனிக்கு இறப்பர் உறை இடல் வேண்டும். இரும்புமுனை பழம்படிகளைச் சிதைக்குமாதலின், அதற்குத் தடையுண்டு.

நடையின் இலக்கணம்

யூன் மாதத்தில் ஒருநாட் காலை, தொங்குபாலத்தைக் கடந்தோம். சிறிது தூரத்தில் சாச்சபம்பா என்னும் தொல்லிடம் உண்டு. கால்வாய்களாலே நீரூட்டப்பெற்ற நீராடுமிடங்கள் அங்கே காணப்படுகின்றன. அதற்கப்பால், மலையின் பக்கத்தை ஒட்டிய நீண்ட ஏற்றம். நிழல் அரிது, ஆறு கீழே கீழே சிறுத்துச் செல்லும்.

எம்முடன் வண்டியினின்றும் இறங்கிய இளைஞர் சிலர் முன்னே விரைந்தனர். அவர் பின்தங்கியவனாக என்னை எண்ணுவர் என்னும் நாணத்தால் யானும் விரைந்தேன். ஒரு மணிநேரத்துள் இதயம் காதில் ஒலித்தது, கால்கள் நடுங்கின. எம் வழிகாட்டி என்னை ஒரு கல்லில் இருத்தி, “ஐயா, பேசிக்கொண்டு நடக்க முடிகின்ற விரைவே உங்கள் விரைவு. பேச்சு அறுந்தால் நீங்கள் ஓடுகின்றீர்கள் என்று பொருள்” என்றார்.

எனக்குத் தொடர்ந்து பேச விடயமில்லை. ஆதலின், வெள்ளிதோறும் கல்லூரிப் பிரார்த்தனை மண்டபத்தில் ஓதிய சிவபுராணத்தை மெல்லிய குரலில் ஓதத் தொடங்கினேன். 95 அடிகள். அடி முறியாது ஓத முடிந்தவரை நடந்தேன். மூச்சு அடியை முறித்தால் நின்றேன். நிற்கும்போது உட்காரவில்லை, கோலில் ஊன்றி, மூச்சு அமையுமட்டும் நின்றேன். படியொன்றுக்கு ஒரு சீர் என நடை அமைந்தது. எத்தனை முறை ஓதினேன் என்பதை மறந்தேன். ஆனால் அதற்குப்பின் இதயம் காதில் ஒலிக்கவில்லை. மலையேறாதானுக்குக் கைகொடுக்கும் முதல் விதி இதுவே: நெடிது நடந்து நெடிது இளைப்பாறுதலினும், சிறிது நடந்து சிறிது நிற்றல் நன்று, பிறர் நடையைத் தன் நடைக்கு அளவுகோலாக்கலாகாது.

தீர்மானம்

வின்யாய் வைனாவுக்கு முன் ஓர் அருவியுண்டு. அங்கே வழிகாட்டி எம்மை நிறுத்தினார். “இங்கிருந்து திரும்புவதானால் இப்பொழுதே திரும்பவேண்டும். இதற்குமேற் சென்றால், முன்னே செல்வதே குறுகிய வழி. உடல் எவ்வாறுள்ளது? உண்மையைச் சொல்லுங்கள்” என்றார்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லல் அவ்வேளையில் எளிதாயிருக்கவில்லை. வலக்கால் முழங்கால் நொந்தது; தோளிற் பை இரும்பாய்க் கனத்தது. “ஒன்றுமில்லை” என்று சொல்ல நாவெழுந்தது. ஆயினும், அப்பொய்யின் விலையை யான் ஒருவனே கொடுக்கப்போவதில்லை. யான் வழியில் வீழ்ந்தால் என்னைத் தாங்க வேண்டியவர் அவ்விருவருமே. எனவே ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். தலைவலி உண்டா? இல்லை. குமட்டல்? இல்லை. நின்றவுடன் மூச்சு அமைகின்றதா? அமைகின்றது. நடை நேராக உள்ளதா? உள்ளது. நோவு எங்கே? முழங்காலிலும் தோளிலும்.

“இது களைப்பு, நோயன்று. களைப்பானால் மெதுவாகச் செல்லலாம், நோயானால் திரும்பியேயாக வேண்டும்” என்றார் வழிகாட்டி. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இந்நடையின் தலையாய அறிவு. களைப்பை நோயெனக் கொள்வோன் காணவேண்டியதைக் காணாது திரும்புவான்; நோயைக் களைப்பெனக் கொள்வோன் திரும்பாமலே போகக்கூடும்.

“அப்பா, பையைத் தாருங்கள்” என்றாள் மகள். பள்ளிக்கு அவள் புத்தகப்பையை யான் சுமந்து சென்ற காலம் நினைவில் வந்தது. பையைக் கொடுத்தேன். கால்களுக்கு அது எளிதாயிற்று, மனத்துக்கு அரிதாயிற்று.

என்றும் இளமை

அருவியைக் கடந்து ஏறினால் வின்யாய் வைனா தோன்றும். மலைச்சரிவு உட்குழிந்த இடத்தில், வளைந்த மேடைநிலங்கள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மேலே ஒரு கட்டடத் தொகுதியும் கீழே ஒரு தொகுதியும். இரண்டையும் இணைப்பது நீண்ட படிவரிசை. அதன் ஓரமாக நீர்வீழ் தொட்டிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்குகின்றன. இவ்விடத்தை 1941இல் போல் பெயோசு என்பாரின் ஆராய்ச்சிக் குழுவினர் வெளியுலகுக்கு அறிவித்தனர். அங்கே மலரும் ஓர் ஓர்க்கிட்டுச் செடியின் பெயரே இவ்விடத்துக்கு இடப்பட்டது. கெச்சுவா மொழியில் அதன் பொருள் “என்றும் இளமை” என்பதாம். முருகு என்னுஞ் சொல்லுக்கு இளமையென்றும் பொருளுண்டென்று படித்தவர்க்கு இப்பெயர் அயலாகத் தோன்றாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதனைக் கேட்ட எனக்கோ நகைப்பே வந்தது.

மேடைநிலங்களின் அழகினும் அவற்றின் உள்ளமைப்பே வியப்புக்குரியது. மாச்சு பிச்சுவில் ஆராய்ந்த நீரியற் பொறியியலாளர், மேடையின் அடியிற் பெருங்கற்களும், அவற்றின்மேற் சரளையும், அதன்மேல் மணலும், எல்லாவற்றுக்கும் மேலே வளமண்ணும் இடப்பட்டிருத்தலைக் கண்டனர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றரை அணுகும் மழை பெய்யும் சரிவிலே, நீர் தேங்கினால் மலையே சரிந்துவிடும். இவ்வடுக்குகள் நீரை மெல்ல மெல்ல வடியவிடுகின்றன. நகருள் ஊற்றுநீரைக் கொண்டுவரும் கால்வாயின் நீளம் 749 மீற்றர்; அது 16 தொட்டிகளுக்கு வரிசையாக நீரூட்டுகின்றது. இரும்புக் கருவியும் எழுத்தும் இல்லாதார் இதனைச் செய்தனர்.

இந்த அந்தீசு நாட்டார் நமக்கும் அயலார் அல்லர். உருளைக்கிழங்கை முதலிற் பயிராக்கியவர் இவர்களே. மிளகாயும் கச்சானும் மரவள்ளியும் புகையிலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்தே நம் தோட்டங்களுக்கு வந்தன. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் ஒருவன் இம்மேடைகளில் நிற்பானாயின், தன் தொழிலின் மூதாதையர் முன் நிற்பதாகவே உணர்வான்.

கதிரவன் வாயில்

அதற்குப்பின் வழி பெரும்பாலும் சமமாகக் காட்டினூடே செல்லும். இறுதியில் ஏறக்குறைய ஐம்பது படிகள் செங்குத்தாக எழுகின்றன. அவற்றை நடந்து ஏறுவோர் சிலர்; கையையுங் காலாக்கி ஏறுவோரே பலர். யான் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தேன். அதனைக் கடந்து சிறிது சென்றதும் கல்லாலாகிய வாயில். அதன் வழியே பார்த்தால் நகர் தெரியவேண்டும்.

யாம் சென்றபோது மஞ்சு மூடியிருந்தது. காத்திருந்தோம். மஞ்சு ஒருபுறம் விலகிற்று. மேடைநிலங்களும் கூரையற்ற சுவர்களும் தெரிந்தன. நகரின் பின்னே நிற்கும் உயர்ந்த சிகரம் கடைசிவரை தெரியவேயில்லை. படங்களிற் காண்பதுபோன்ற முழுக்காட்சி அன்று எனக்குக் கிட்டவில்லை. ஆனால் படத்தில் இல்லாத ஒன்று கிட்டியது. அவ்வூரார் தம் நகருக்கு எத்துணை முயற்சியோடு வந்தனர் என்பதை என் முழங்கால்கள் அறிந்திருந்தன.

நகருக்கு இறங்கிய கடைசி மணிநேரமே மிகவும் வருத்தியது. மறுநாட்காலை, தங்கிய விடுதியின் படிகளில் நண்டுபோலப் பக்கவாட்டில் இறங்கினேன். பின் பஸ்வண்டியில் ஏறி மீண்டும் நகரை அடைந்து, ஆறுதலாகச் சுற்றிப் பார்த்தோம். சாந்தின்றிப் பொருத்திய கற்களும், நிலநடுக்கத்தைத் தாங்குமாறு உட்சாய்ந்த சுவர்களும், மேலே குறுகிய வாயில்களும் அன்றுதான் கண்ணிற் பட்டன. நடந்து சென்ற நாள் வழியைக் காணும் நாள். நகரைக் காண்பதற்கு மற்றொரு நாள் வேண்டும். இதனையும் ஒரு விதியாகக் கொள்க.

முடிவுரை

சிவனொளிபாத மலையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. தடியூன்றிய மூதாட்டியர் ஏறுகின்றனர். அவர்க்கு யாரும் மலையேறுங் கலையைக் கற்பித்ததில்லை. மெதுவாக ஏறுகின்றனர், இளைத்தால் நிற்கின்றனர், பிறர் கைகொடுத்தாற் பற்றிக்கொள்கின்றனர். யான் பெரு நாடுவரை சென்று கற்றது அதுவே.

மாணவ நண்பர்களே, புவியியலைப் படத்திற் கற்றபின் காலாலுங் கற்க முயலுங்கள். அறுபது வயதுவரை காத்திராதீர்கள். பழைய மாணவர்களே, நம் கல்லூரி மேல்மாடிப் படிகள் இன்றும் 24 தாம். விழாவுக்கு வரும்போது ஏறிப் பாருங்கள்.

பின்வரிசை மாணவன் இன்று எந்நாட்டில் வாழ்கின்றானோ அறியேன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், அவன் வினாவுக்கு என் விடை இது: தம்பி, ஏறியிருக்கிறேன், ஒருமுறை, மிக மெதுவாக, பையை மகள் சுமந்தாள்.